வழிகாட்டியும் வழியும்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோடும் ஆற்றை மட்டுமன்றி, மனிதர் நடந்து செல்லும் வழியையும் குறிக்கும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனுக்கு வள்ளலின் பெயரையும் ஊரையும் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. எந்த நிலத்தில் எவ்வுணவு கிடைக்கும், எவர் வரவேற்பர், எவ்விடத்தில் கால் வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும் என்று வழியையே விரித்துரைக்கிறான். மலைபடுகடாத்தில் மலைவழியின் இடர்கள் ஒரு நீண்ட பகுதியாகவே அமைந்துள்ளன.

இன்றைய சுற்றுலா வழிகாட்டியின் தொழில் வேறு. அவன் பெயரில் வழி இருக்கிறது. ஆயின் அவன் காட்டுவன இடங்கள். ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் நடுவேயுள்ள வழி, பிரயாணிகள் கண்ணயர்வதற்கு உரிய நேரமாகவே கருதப்படுகின்றது.

மாத்தளை மாவட்டத்தில் இத்தொழிலைச் செய்துவரும் இளைஞன் ஒருவன் இருக்கிறான். மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். உயர்தரம் வரை கற்றவன். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் தடையின்றிப் பேசுவான். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழங்கும் அனுமதிப்பத்திரங்களுள் சாரதி வழிகாட்டிக்குரியதைப் பெற்று, வேறொருவருக்குச் சொந்தமான வானை ஓட்டுகிறான். நாட்கூலி சிறிது. வாசனைத் திரவியத் தோட்டத்திற் பிரயாணிகள் எண்ணெயும் தூளும் வாங்கினால் அதிலொரு பங்கு கிடைக்கும். மாலையில் அவர்கள் மனமுவந்து கொடுப்பதும் உண்டு. பின்னிரண்டையும் நம்பியே அவன் வீட்டில் அடுப்பெரிகிறது.

ஒரு மே மாதத்துக் காலையில் சென்னைக் குடும்பமொன்று அவனுடைய வானில் ஏறியது. கணவன், மனைவி, பத்து வயதுச் சிறுவன், அவன் தமக்கை, அவர்களுடைய அப்பத்தா என ஐவர். அன்றைய நிகழ்ச்சிநிரல் வழக்கமானதே: சிகிரியா, தம்புள்ளை, நாலந்தா, வாசனைத் திரவியத் தோட்டம், அலுவிகாரை, மாத்தளை முத்துமாரியம்மன் கோவில், இரவு கண்டி.

மூதாட்டியாரைக் கீழே மரநிழலில் இருத்திவிட்டு ஏனையோர் சிகிரியாவில் ஏறினர். காசியப்பனின் ஆட்சி (477–495), ஓவியங்கள், சிங்கத்தின் பாதங்கள் எல்லாவற்றையும் அவன் முறையாகச் சொன்னான். கண்ணாடிச் சுவரருகே சற்று அதிகம் பேசினான். மன்னன் மறைந்து சில நூற்றாண்டுகளுக்குப் பின் இக்குன்றைப் பார்க்க வந்தவர்கள் அச்சுவரிற் பாடல்களைக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைத் தொல்லியலறிஞர் செனரத் பரணவிதான 1956 இல் பதிப்பித்தார். “அந்தக் காலத்துச் சுற்றுலாப் பயணிகள் இவங்கதான்” என்று அவன் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தனர். இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும். அவன் அதை அறிவான்.

தம்புள்ளைக் குகைகளில் வட்டகாமணி அபயனின் வரலாறு. தென்னிந்தியாவிலிருந்து படையெடுத்து வந்த தமிழர் தலைவர்களிடம் அரசை இழந்து, மறைந்து வாழ்ந்து, பின்னர் முடியை மீட்ட மன்னன் அவன். மறைந்திருந்த காலத்திற் புகலளித்த குகைகளை விகாரையாக்கினான் என்பது மரபு. வழிகாட்டி இதனை நூற்றுக்கணக்கான தடவை சொல்லியிருக்கிறான். அன்றைய பொழுது முழுவதற்குமான அவனுடைய உரையில் தமிழர் மனிதராகத் தோன்றும் இடம் இதுவொன்றே, அதுவும் படையெடுத்தவராக. இதை அவன் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணவைத்தவன் அந்தச் சிறுவன். வான் தம்புள்ளையைக் கடந்து தெற்கே திரும்பியதும் பின்னிருக்கையிலிருந்து கேட்டான்:

“அண்ணா, அப்ப நீங்க அந்தப் படையோடயா இங்க வந்தீங்க?”

தாய் மகனை அதட்டினாள். வழிகாட்டி சிரித்தான். இத்தகைய கேள்விகளுக்கு ஒரு வேடிக்கைப் பதில் சொல்லிக் கடந்துபோவது தொழிலின் பழக்கம். முன்னொரு முறை வேறொரு கூட்டத்தாரிடம் அவன் உண்மையைச் சொல்லப்போய், வண்டியிலே பேச்சு அடங்கிவிட்டது. மாலையிற் கையில் விழுந்ததும் குறைந்தது. “சந்தோஷமா இருக்க வர்றவங்கக்கிட்ட செத்தவங்க கதை எதுக்கு?” என்று வான் உரிமையாளர் கேட்டார். அவர் கொடியவரல்லர், கணக்கறிந்தவர்.

ஆயினும் அன்று வேடிக்கைப் பதில் வாயில் வரவில்லை.

“இல்ல தம்பி, எங்காளுங்க படையோட வரல்ல. நடந்து வந்தாங்க. இதே ரோட்டுல.”

அதுவரை பேசாதிருந்த மூதாட்டியார் நிமிர்ந்தார். “கண்டிச்சீமைக்கு வந்தவுகளா?” என்று கேட்டார். குடும்பத்தின் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். அவருடைய பாட்டியின் வீட்டார் சிலர் கண்டிச்சீமைக்குப் போனார்களாம். போனது தெரியும், அப்புறம் தாக்கல் இல்லை. அந்தப் பெயர்களையும் இப்போது சொல்ல ஆளில்லை. அவர் இளமையாயிருந்தபோது இலங்கையிலிருந்து திரும்பி வந்து குடியேறிய குடும்பங்களை ஊரார் ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் அவர்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளாய் இருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

நாலந்தா கெடிகேயில் வான் நின்றது. கருங்கல்லால் எழுந்த அச்சிறு கட்டடம் பல்லவர் காலத்துக் கோவிற்கலையை நினைவூட்டுவது. பௌத்தச் சார்பும் உடையது. பொவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது நீருள் மூழ்காதபடி அதனைக் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த மேட்டில் மீண்டும் பொருத்தினர். ஒரு கட்டடத்தைக் காப்பதற்கு இத்தனை பேர் இத்துணை பாடுபட்டது மெச்சத்தக்கது. குடும்பத்தார் படம் எடுத்துக்கொண்டனர். மூதாட்டியார் மட்டும் கல்லைப் பார்க்கவில்லை. வீதியின் பக்கமாகவே பார்த்து நின்றார்.

நாலந்தாவை விட்டுப் புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும், “தம்பி, செத்த நிறுத்துங்க” என்றார்.

நின்ற இடத்திற் காண்பதற்கு எதுவும் இல்லை. ஒரு கடை, அதன் முன்னே செவ்விளநீர்க் குலைகள், நிழல் மரங்கள், விரைந்தோடும் பேருந்துகள். மூதாட்டியார் இறங்கி வீதியோரத்தில் நின்று, “இந்த ரோடுதானா?” என்று கேட்டார்.

அவன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவும் பழைய வளைவென்று சொல்ல முடியாது. ஆயினும் மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு வந்த வடக்கு வீதி இவ்வழியேதான் வந்தது என்றான். பிறகு தனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னான். கோப்பிப் பயிர் பரவிய 1830 களுக்குப் பின் இராமநாதபுரக் கரையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்தனர். அங்கிருந்து ஏறத்தாழ 150 மைல் வறண்ட காட்டினூடே நடந்தனர். தண்ணீர் அரிது, வாந்திபேதியும் மலேரியாவும் அம்மையும் உடன்வந்தன. நடக்க இயலாதவர்கள் வழியிலே விடப்பட்டனர். முன்பணம் கொடுத்து அழைத்து வந்த கங்காணியின் கணக்கில், இறந்தவனின் கடன் உயிரோடிருந்த உறவினன் தலையில் ஏறியதும் உண்டு.

“எத்தனை பேர் செத்தாங்க?” என்றான் சிறுவன்.

“எழுபதாயிரம்னு அந்தக் காலத்துப் பத்திரிகை ஒன்னு எழுதிச்சு. அவ்வளவு இல்லைன்னு சொல்ற ஆராய்ச்சியும் இருக்கு. சரியான கணக்கு எழுதி வைக்கல்ல, தம்பி.”

சிகிரியாவில் அவன் வேடிக்கையாகச் சொன்ன வாக்கியம் அவனுக்கே அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஓவியம் பார்க்க வந்தவர்கள் எழுதிய பாடல்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் சுவரில் உள்ளன. பிழைப்புத் தேடி இவ்வழியே வந்தவர்களோ எழுத்தறியாதவர்கள். அவர்களுடைய பாடல்கள் வாயிலேயே வாழ்ந்தன. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்திராவிடின், அந்தச் சிறு பகுதியும் எஞ்சியிராது.

மூதாட்டியார் எதுவும் பேசவில்லை, சற்றுநேரம் நின்றார். பிறகு, “எத்தனை நாள் நடந்திருப்பாக?” என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரத்துக்குக் குறையாது என்றான் அவன். அவர் தலையசைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

நேரம் கடந்திருந்தது. வாசனைத் திரவியத் தோட்டத்துக்குப் போனால் அலுவிகாரையையோ கோவிலையோ விடவேண்டும். தோட்டத்து வாயில் வந்தபோது அவன் வேகத்தைக் குறைத்தான். உள்ளே மிளகும் கறுவாவும் சாதிக்காயும் காட்டுவதற்கு ஆள் காத்திருந்தான். பின்னர் நிறுத்தாமலே கடந்து சென்றான். குடும்பத்தார் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அலுவிகாரையில் அவனுடைய உரை வழமைபோலத் தொடங்கியது. வாய்மொழியாகக் காக்கப்பட்டு வந்த திரிபிடகம், கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் இங்கே ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. போரும் பஞ்சமும் வந்து, மனனம் செய்தவர்கள் மடிந்தால் மறையும் உடன் மடியுமே என்ற அச்சம் அதற்குக் காரணம். 1848 இல் மாத்தளையில் கிளர்ச்சி மூண்டபோது ஆங்கிலேயர் கையில் இவ்விகாரை சேதமுற்றது. அக்கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் வீதிச் சட்டமும் ஒன்று: வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும். வீர புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8 இல் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். இதுவரை கிளர்ச்சியை ஒரு தனிக்கதையாகச் சொல்லிவந்த வழிகாட்டி, அன்று ஒரு வாக்கியம் சேர்த்தான்: வீதி போடச் சொல்லிச் சிங்களக் குடியானவனை வருத்தியதும், அத்தகைய வீதியிலே தமிழ்க் கூலியை நடத்தி வந்ததும் ஒரே கோப்பிக்காகத்தான்.

மாலையில் முத்துமாரியம்மன் கோவில். மரத்தடி வழிபாடாகத் தொடங்கி, 108 அடி இராஜகோபுரமாக உயர்ந்து நிற்கும் தலம். 1983 ஜூலை வன்செயலில் அதன் தேர்கள் எரிக்கப்பட்டன. பின்னர் புதிய தேர்கள் எழுந்தன. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. காட்டைக் கடந்து உயிரோடு வந்தவர்கள் அம்மன் முன் விழுந்து வணங்கிய பின்பே வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிந்தனர் என்று வழிகாட்டியின் பாட்டி சொல்லுவாள். மூதாட்டியார் அருச்சனைத் தட்டைக் கொடுத்தார். பெயர், நட்சத்திரம் கேட்ட குருக்களிடம், “பேரு தெரியல சாமி, எங்க குடும்பத்துல இந்த வழியா வந்தவுகளுக்கு” என்றார்.

அன்றிரவு கண்டியில், தோட்டத்துப் பங்கு எங்கே என்று வான் உரிமையாளர் கேட்டார். நேரம் போதவில்லை என்று அவன் சொன்னான். அது முழு உண்மையன்று.

2023 ஜூலை இறுதியில், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து பலர் இவ்வழியே நடந்து ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தனர். அந்நடைபயணம் ஒரு முறை நிகழ்ந்தது. வான்களோ நாள்தோறும் ஓடுகின்றன. அவற்றில் ஏறியிருப்போர், தாம் கடந்து செல்லும் வீதியையே இந்நாட்டின் நினைவுச் சின்னங்களுள் ஒன்றென அறியாமற் போகின்றனர். அதற்கு அனுமதிச்சீட்டு இல்லை; ஆதலால் அது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

அக்காலத்துக் கங்காணி ஊர்தோறும் போய்ச் சொன்னதும் ஒருவகை ஆற்றுப்படையே. செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவன் ஆசைகாட்டியதாக மலையகத்தில் இன்றும் சொல்வர். சேரும் இடத்தின் வளத்தைச் சொன்னான். வழியின் இடரைச் சொல்லாது விட்டான். காட்சிக்குரிய இடங்களை மட்டும் காட்டி வழியை மறைக்கும் வழிகாட்டி, தான் அறியாமலே அந்தக் கங்காணியின் மொழியைப் பேசுகிறான் எனலாம்.

அவ்விளைஞன் இப்போதும் அதே வானைத்தான் ஓட்டுகிறான். வாசனைத் திரவியத் தோட்டத்திலும் நிறுத்துகிறான். நிறுத்தாமல் வாழ முடியாது. ஆயின் நாலந்தாவை விட்டுப் புறப்பட்டதும் வேகத்தைச் சற்றுக் குறைத்து, உறங்குவோர் உறங்க, விழித்திருப்போருக்கு ஐந்து நிமிடம் பேசுகிறான். சில நாட்களிற் கையில் விழுவது குறைகிறது. அவன் அதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறான், பேசுவதை நிறுத்தவில்லை.