அச்சு இற்ற தலத்தில் நின்றுபோன கார்

சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், மதுராந்தகத்தையும் மேல்மருவத்தூரையும் அடுத்து வருவது அச்சிறுபாக்கம். திருவண்ணாமலைக்கு விரையும் அன்பர்களில் பெரும்பாலோர் பெயர்ப்பலகையைப் பார்த்தவாறே இவ்வூரைக் கடந்துவிடுகின்றனர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தொண்டை நாட்டுத் தலம் இங்கிருப்பதை அறிந்தவர்களும், "திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றே எண்ணுவர்.

தாம்பரத்தைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியரும் அவ்வாறே பலமுறை கடந்து சென்றவர்கள். கணவரின் இதய அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்தால், பிரதோஷ நாளில் அண்ணாமலையாருக்கு வில்வ மாலை சாத்துவதாக அம்மையார் வேண்டிக்கொண்டிருந்தார். அந்த நேர்த்திக்கடனைச் செலுத்தவே, தம் பழைய காரில் ஒரு பிரதோஷத்தன்று காலை இருவரும் புறப்பட்டனர். கார் 2004-இல் வாங்கியது. ஓடியது 46,000 கிலோமீட்டர்தான். ஆண்டுகள் பல ஆகிவிட்டனவே, முழுமையாகப் பார்த்துவிடுங்கள் என்று அம்மையார் பலமுறை கூறியும், "ஓடாத வண்டிக்கு என்ன பழுது வரும்?" என்று பெரியவர் தட்டிக்கழித்து வந்தார்.

மேல்மருவத்தூரைத் தாண்டியதும் எந்த முன்னறிவிப்புமின்றி எஞ்சின் நின்றது. ஸ்டீயரிங் கனத்தது, பிரேக் கடினமாயிற்று. பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியவாறு விலகிச் சென்றது. பெரியவர் வண்டியின் வேகம் அடங்குமுன் இடப்புறம் ஒதுக்கி நிறுத்தினார். பிறகு நான்கைந்து முறை சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட எளிதாகச் சுழன்றதே தவிர, எஞ்சின் உயிர்பெறவில்லை.

அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் வரவழைத்த மெக்கானிக் முதலில் கூறியது இதுதான்: "ஐயா, மறுபடியும் சாவியைத் திருப்பாதீங்க." எஞ்சினின் பக்க மூடியைக் கழற்றியபோது, டைமிங் பெல்ட் அறுந்து துண்டாகக் கிடந்தது.

பற்கள் கொண்ட ரப்பர்ப் பட்டை அது. கீழேயுள்ள கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது மேலேயுள்ள கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுழலவேண்டும். அந்தத் தாளம் தவறாமல் காப்பது இப்பட்டையே. அது அறுந்தால், வால்வுகள் திறந்தது திறந்தபடியே நின்றுவிடும். பல எஞ்சின்களில் மேலேறி வரும் பிஸ்டன் அவற்றின் மீது மோதி வளைத்துவிடும். அறுந்த பின்னும் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் சேதம் கூடக்கூடும். "கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை ஐயா. நிறுத்தியே வெச்சிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்" என்றார் மெக்கானிக். கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு என்று இரண்டு எல்லைகள் குறிக்கப்பட்டிருக்கும். எது முந்துகிறதோ அதுவே கணக்கு.

எஞ்சினின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தாலன்றிச் சேதம் தெரியாது. சில நாட்கள் ஆகும் என்றார் அவர். வண்டி பட்டறைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. வில்வ மாலை இருந்த கூடையுடன் இருவரும் அச்சிறுபாக்கத்தில் நின்றனர். பிள்ளையாரைக் கும்பிடாமல் சென்றால் இங்கே வண்டி நிற்கத்தான் செய்யும் என்று ஒருவர் கூறியபோது பெரியவரின் முகம் வாடியது.

அவர் அவ்வாறு கூறக் காரணம் தலவரலாறே. தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி எனும் அசுரர்களின் முப்புரங்களை அழிக்கச் சிவபெருமான் புறப்பட்டார். பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்முகன் சாரதி, மேரு மலை வில். முதலில் விநாயகரை வணங்க மறந்ததால், தேரின் அச்சு இத்தலத்தில் இற்றது. அச்சு இறு பாக்கம் என்பதே அச்சிறுபாக்கம் ஆயிற்று என்பர். திருப்புகழின் காப்புச் செய்யுளில் அருணகிரிநாதரும் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். அச்சுமுறி விநாயகர் இங்கே தனிச் சன்னிதியில் எழுந்தருளியுள்ளார்.

மாலையில் நடை திறந்ததும் இருவரும் முதலில் அச்சன்னிதிக்கே சென்றனர். "நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்" என்று பெரியவர் தழுதழுத்தார். அம்மையார் அமைதியாகக் கூறினார்: "இது சாமி குத்தம் இல்லீங்க. பெல்ட்டுக்கு வயசாயிடுச்சு, நாம பார்க்கல. லாரி மோதாம ஓரமா நிறுத்த வெச்சாரே, அதுக்குக் கும்பிடுங்க."

ஆலயத்தில் இறைவனுக்கு இரண்டு சன்னிதிகள்: உமையாட்சீஸ்வரர், ஆட்சீஸ்வரர். அம்பிகை இளங்கிளியம்மை, தலமரம் கொன்றை. பாண்டிய மன்னன் ஒருவன் திரிநேத்ரதாரி முனிவரிடம் திருப்பணியை ஒப்படைத்துச் சென்றான். திரும்பி வந்து இரு சன்னிதிகளைக் கண்டு காரணம் வினவியபோது, உம்மை ஆட்கொண்ட ஈசனுக்கு ஒன்று, எம்மை ஆட்கொண்ட ஈசனுக்கு ஒன்று என முனிவர் விடையளித்ததாகத் தலவரலாறு கூறும்.

பிரதோஷ அபிஷேகம் தொடங்கியிருந்தது. அண்ணாமலையாருக்கென்று தொடுத்த மாலையை இங்கே சாத்தலாமா என்று அம்மையார் தயங்கினார். "அங்கிருப்பவரும் இவர்தானே, அம்மா" என்று கூறி, குருக்கள் மாலையைப் பெற்று ஆட்சீஸ்வரருக்குச் சாத்தினார். பெரியவர் தூணோரம் நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார். இரவு இருவரும் பேருந்தில் வீடு திரும்பினர்.

எஞ்சினைத் திறந்தபோது இரண்டு வால்வுகள் வளைந்திருந்தன. புதிய வால்வுகள், புதிய பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தண்ணீர் பம்ப் ஆகிய அனைத்தும் சேர்த்துப் பொருத்தப்பட்டன. உரிய காலத்தில் பெல்ட்டை மாற்றியிருந்தால் ஆகும் செலவைப்போல் அது பன்மடங்கு.

அடுத்த பிரதோஷத்தன்று அவர்கள் மீண்டும் புறப்பட்டனர். அச்சுமுறி விநாயகருக்குச் சிதறு தேங்காய் உடைத்த பிறகே கார் திருவண்ணாமலையை நோக்கிச் சென்றது. பெல்ட் மாற்றிய நாளையும், மீண்டும் மாற்றவேண்டிய ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி, ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, பிள்ளையார் படத்தின் கீழ் ஒட்டியிருக்கிறார் பெரியவர்.

பழைய காரில் தலயாத்திரை செல்வோர் புறப்படுமுன் பெல்ட்டின் வயதைக் கேட்டறிவது நன்று. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால், எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, இடப்புறமாக இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்கவேண்டும். 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அச்சிறுபாக்கத்துக்குச் சென்னை, செங்கற்பட்டிலிருந்து பேருந்தில் செல்லலாம்; ரயில் நிலையமும் உண்டு. வண்டி நிற்கும்வரை காத்திராமல், அவ்வழியே செல்லும் அன்பர்கள் ஒருமுறை இறங்கி ஆட்சீஸ்வரரைத் தரிசித்து அருள் பெறுவார்களாக.