பத்து நாள் கணக்கு

போன செமஸ்டர் லீவுக்குப் பொம்மிடி போனப்போ வீட்டில் கூடு எடுக்கிற நேரம். எங்க அப்பா பட்டுப்புழு வளர்க்கிறார். கொஞ்சம் மல்பெரி நிலம், அதை ஒட்டி ஒரு புழு மனை. என் காலேஜ் ஃபீஸ்ல பாதி அந்தப் புழுக்கள் கட்டியதுதான்.

சந்திரிகையிலிருந்து கூடுகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே அப்பாவிடம் கதை சொன்னேன். ஏலம் எப்படி நடக்கிறது என்று கிளாஸில் ஒரு செமினார் எடுக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தேடியபோது கிடைத்தவர் பால் கோகன் என்கிற பிரெஞ்சு ஓவியர்.

"அப்பா, 2022-ல நியூயார்க்ல அவரோட ஒரு ஓவியம் 10.57 கோடி டாலருக்கு ஏலம் போச்சு. நம்ம காசுக்கு 800 கோடிக்கு மேல."

அப்பாவின் கை நிற்கவே இல்லை. "அப்படி என்ன வரைஞ்சிருக்காரு?"

"தீவுல இருக்கிற பொம்பளைங்க. ஒரு அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்கிறா. அவ்ளோதான்."

"சரி பாப்பா, அவருக்கு எவ்ளோ கெடைச்சுது?"

செமினாரில் யாருமே கேட்காத கேள்வி இது. நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

கோகன் 1848-ல் பாரிஸில் பிறந்தவர். முதலில் பார்த்தது பங்குச்சந்தையில் தரகர் வேலை! நல்ல சம்பளம், மனைவி, ஐந்து குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓவியம். 1882-ல் சந்தை சரிந்தது. அதன் பிறகு முழுநேரமும் ஓவியம்தான் என்று இறங்கிவிட்டார். 1891-ல் கையிலிருந்த ஓவியங்களை ஏலம் விட்டு, வந்த பணத்தில் பசிபிக் கடலிலுள்ள தாஹிட்டி தீவுக்குக் கப்பல் ஏறினார். தீவு மக்களை அவர் வரைந்தது அங்கேதான்.

1893-ல் திரும்பி வந்து பாரிஸில் கண்காட்சி வைத்தார். 'நீ எப்போது கல்யாணம் செய்துகொள்வாய்?' என்ற படத்துக்கு அவர் போட்ட விலை 1,500 ஃபிராங்க். விற்கவில்லை. 1895-ல் மறுபடியும் ஏலம். கேட்க ஆளில்லாமல் பெரும்பாலான படங்களை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். தீவுக்குத் திரும்பிய பிறகு, 1900-ல் வொலார் என்கிற பாரிஸ் வியாபாரி ஒரு ஒப்பந்தம் போட்டார். மாதம் 300 ஃபிராங்க் முன்பணம் வரும், பதிலுக்கு இவர் வருஷத்துக்குச் சுமார் 25 ஓவியம் அனுப்ப வேண்டும். 1903 மே மாதம் மார்க்கெசாஸ் தீவில் கடனோடும் நோயோடும் இறந்துபோனார். அவருடைய சாமான்களைத் தாஹிட்டியில் ஏலம் விட்டபோது, ஒரு பனிக்கால கிராமத்து ஓவியத்தைத் தலைகீழாகப் பிடித்து 'நயாகரா அருவி' என்று சொல்லி விற்றார்களாம். விலை 7 ஃபிராங்க். இன்றைக்கு அது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் நேராக மாட்டியிருக்கிறது.

விற்காமல் போன அந்தக் 'கல்யாண' ஓவியத்தை 1917-ல் ஒரு சுவிஸ் வியாபாரி வாங்கினார். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து அவர் குடும்பம் அதை விற்றது, 21 கோடி டாலருக்கு.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்ப அவரும் நம்மள மாதிரி பத்து நாள் கேஸ்தான்."

கூட்டுக்காரர்களுக்கு இது புரியும். புழு கூடு கட்டிப் பத்து, பன்னிரண்டு நாளில் உள்ளே இருப்பது அந்துப்பூச்சியாகி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். ஓட்டை விழுந்த கூட்டில் நீளமாக நூல் எடுக்க முடியாது. அதனால் விலை எப்படி இருந்தாலும் அதற்குள் விற்றாக வேண்டும். வாங்குகிறவர் சூடான காற்றில் உலர்த்திவிட்டால் போதும், அதே கூட்டை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். எங்கள் மனையில் உலர்த்தும் மெஷின் கிடையாது.

ஓவியத்துக்குள் பூச்சி இல்லைதான். ஆனால் வரைந்தவருக்கு வயிறு இருந்ததே. அதே படத்தை வாங்கிய குடும்பம் நூறு வருஷம் காத்திருந்தது. திறமையெல்லாம் கோகன் பக்கம்தான், காத்திருக்கும் வசதி மட்டும் எதிர்ப்பக்கம். செமினாரில் நான் போட்டுக் காட்டிய ஏல ஃபார்முலா எதிலும் இதற்கு ஒரு எழுத்துகூட ஒதுக்கவில்லை.

கோகனைப் பாவம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. நாற்பது வயது தாண்டிய அவர், தாஹிட்டியில் தேஹாமனா என்ற சிறுமியோடு குடும்பம் நடத்தினார். அவளுக்கு 13 வயது இருக்கலாம் என்கிறார்கள். அவளும் பல படங்களில் இருக்கிறாள். 1,500 ஃபிராங்கிலும் 21 கோடி டாலரிலும் அந்தத் தீவுப் பெண்களுக்குப் பங்கு எதுவும் இல்லை.

அப்பாவிடம் ஒரு நல்ல செய்தியும் சொன்னேன். மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டத்தை 1920-ல் பிரான்ஸ் கொண்டுவந்தது. கோகன் செத்து 17 வருஷம் ஆகியிருந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், வரைந்தவரோ வாரிசோ அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு கேட்கலாம்.

மறுநாள் விடியற்காலை மூட்டைகளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போனோம். வந்தவர்கள் எங்கள் குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்கள், நசுக்கிப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள். போன தடவையைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அப்பா என் முகத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை எனக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள். கூட்டுக்குள் இருந்த பூச்சியோடு நானும் சேர்ந்துதான் அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சரி, போட்டுருங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பணத்தை இரண்டு தடவை எண்ணி, ஃபீஸ் பணத்தைத் தனியாக மடித்து என் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"பாப்பா, அந்த 53ஏ... சேலைக்கு உண்டா?"

"இல்லப்பா."

சிரித்துவிட்டு, பொம்மிடி வரைக்கும் தூங்கிப்போனார்.