நஷ்டக் கணக்கில் பாட்டெழுதியவர் எங்கே?

பாலாறு என்றதும் பலருக்கு வேலூர் ஆறுதான் நினைவுக்கு வரும். இது வேறு. மேட்டூர், கொளத்தூர் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், ஒரு சிற்றாறு காவிரியோடு கலக்கும் இடத்தில் உள்ள கர்நாடக எல்லை ஊர். பழைய மைசூர் மாவட்டம்; 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடி இந்தப் பெயரைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. மற்றபடி, மலைக்குப் போகும் பக்தர்களின் பஸ்கள் கடந்து செல்லும் ஊர்.

கேஸட் காலத்தில் அப்படிப்பட்ட பஸ்களில் ஒலித்த பாட்டுகளில் எத்தனை அசல்? இது போன்ற ஊர்களில் இசைத்தட்டுக் கடை ஏது? பக்கத்து டவுனில் 'ரெக்கார்டிங் சென்டர்' இருக்கும். காலி கேஸட்டையும் துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் சில நாட்களில் எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் ஒரே நாடாவில் வந்து சேர்வார்கள். சட்டத்தின் கண்ணில் அது திருட்டு. சீட்டுக் கொடுத்தவருக்கோ சேவை. அவர் கேட்ட வரிசையில் எந்தக் கம்பெனியும் கேஸட் விற்கவில்லையே!

கம்பெனிகளின் கணக்கு எளிமையானது. நகல்களை எண்ணு, அசல் விலையால் பெருக்கு, வருவது நஷ்டம். நகல் வாங்கியவர் ஒவ்வொருவரும் அசலையும் வாங்கியிருப்பார் என்று நம்பினால்தான் இந்தப் பெருக்கல் சரி. 1980களில் பிரிட்டிஷ் கம்பெனிகள், வீட்டில் டேப் செய்வதால் இசையே செத்துவிடும் என்று பிரசாரம் செய்தன. சாகவில்லை. பின்னால் வந்த ஸி.டி. கொள்ளை லாபம் தந்தது. அதற்காக நகலால் சேதமே இல்லை என்பதும் சரியல்ல. 1999இல் நாப்ஸ்டர் வந்தபின் உலக இசைச் சந்தை பதினைந்து ஆண்டுகள் சரிந்ததில் அதற்கும் பங்குண்டு.

யார் திருடன் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியது. டெல்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குல்ஷன் குமார், 1980களில் டி-சீரிஸ் கேஸட்டுகளை மலிவு விலையில் மளிகைக் கடை வரை கொண்டுபோனார். ஏற்கெனவே பதிவான பாட்டை வேறு குரலில் பாடவைத்து, ராயல்டி கட்டி வெளியிட 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இடம் தந்தது. அதை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். திருட்டு என்று போட்டிக் கம்பெனிகள் கூச்சலிட்டன. அதே டி-சீரிஸ் பிறகு பெரிய உரிமையாளராகி, நகல்காரர்களைத் துரத்தியது.

இத்தனை சண்டையும் கலைஞன் பெயரால்தான் நடந்தது. அவனுக்குக் கிடைத்தது என்ன? சினிமாவுக்காகப் பணம் வாங்கிக்கொண்டு போட்ட மெட்டுக்கும் எழுதிய வரிக்கும் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அவரிடமிருந்து உரிமை இசைக் கம்பெனிக்குப் போனது. ஆகவே, எல்லையோர பஸ் டிரைவர் நேர்மையாக அசல் கேஸட்டே வாங்கியிருந்தாலும் பாடலாசிரியருக்குப் பெரும்பாலும் சல்லிக்காசு போயிருக்காது. திருட்டு கேஸட்டிலும் பூஜ்யம், அசலிலும் பூஜ்யம்.

ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடிய பிறகு, 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு; அந்தப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது.

இன்று பாட்டு போனில் வருகிறது. விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் இலவசம். 2014இல் அடிமட்டத்தைத் தொட்ட உலக வருமானம் ஸ்ட்ரீமிங்கால் மீண்டும் ஏறியது. கேட்பவர் கேட்டதை, கேட்ட வரிசையில் தருவது. ரெக்கார்டிங் சென்டர்காரர் செய்ததும் இதைத்தான். போலீஸ் ரெய்டுகள் சாதிக்காததை இது சாதித்தது.

ஒவ்வொரு முறை பாட்டு ஒலிப்பதும் இப்போது கணக்கில் ஏறுகிறது. நகல்காரனைக் காட்டிக் கையை விரிக்க இனி வழியில்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பாட்டெழுதியவரும் புரட்டிப் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.