வாதமென்று வாளாவிருத்தல்

கல்லூரியில் உயிரியல் கற்ற நாட்களில், தொடுப்பிழையம் என்பது உறுப்புக்களை இணைத்துத் தாங்குவது என்று எழுதிப் புள்ளி பெற்றோம். கல்வீட்டுக்குச் சாந்து எப்படியோ, உடம்புக்கு அஃது அப்படி. அவ்விழையத்தில் வாழும் நாரரும்பர்க் கலங்கள் செய்தி கேட்பன என்பதையும், கேட்டதை மறவாதன என்பதையும் பிற்கால ஆராய்ச்சிகள் புலப்படுத்தின.

அழற்சி மூளும்போது வெண்குருதிக் கலங்கள் ‘ரி. என். எவ்.’ என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அது நாரரும்பரின் மேற்பரப்பிற் பொருந்தியதும், உள்ளே கட்டுண்டிருக்கும் ‘என். எவ். கப்பா பி’ என்னும் புரதம் விடுபட்டுச் சில நிமிடங்களிற் கருவினுட் புகுந்து, உறங்கிய பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. இப்புரதத்தை 1986 ஆம் ஆண்டில் அறிவித்தோர் டேவிட் பால்ரிமோரும், அவரது ஆய்வுகூடத்திற் பணியாற்றிய இந்திய அறிஞர் ரஞ்சன் சென்னுமாவர். எழுந்த பரம்பரையலகுகளுட் சில அழற்சியைப் பெருக்குவன. சில கசியிழையத்தை அரிக்கும் நொதியங்களை ஆக்குவன. பிறிதொன்றோ, விடுபட்ட புரதத்தை மீண்டும் பிணிக்கும் தளையையே ஆக்குகின்றது. எரியும் தீ தன்னை அவிக்கும் நீரையும் உடன் கொணர்வது போன்ற இவ்வொழுங்கு வியத்தற்குரியது.

முடக்குவாதத்தில் இவ்வொழுங்கு குலைகின்றது. ஓயாத அழற்சிச் செய்தியைக் கேட்டுக் கேட்டு மூட்டுறையின் நாரரும்பர்கள் மூர்க்கங் கொள்கின்றன. அவற்றை வெளியே எடுத்து வளர்ப்பினும் அம்மூர்க்கம் எளிதில் நீங்குவதில்லை. பரம்பரையலகின் எழுத்து மாறாதிருக்க, அதன்மீது படிந்த குறிகளே மாறிவிடுகின்றன.

எமது பெரியம்மா ஒருவர், நெல்லியடிச் சந்தைக்கு வெங்காயங் கட்டி அனுப்பியே பிள்ளைகளைப் படிப்பித்தவர். காலையில் விரல் மடக்க ஒரு மணி நேரமாகும். “வாதந்தானே மோனை, வயது போனால் வரும்” என்று எண்ணெய் பூசிக்கொண்டு ஆண்டுகளைக் கழித்தார். வைத்தியரிடஞ் சென்றபோது நோவு தணிந்தது. கோணிய விரல்கள் நிமிரவில்லை.

1937 இல் லுதியானாவிற் பிறந்த ரவீந்தர் மைனியும், மார்க் பெல்ட்மனும் இலண்டனில் 1992 இல், ரி. என். எவ். புரதத்தைத் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளருக்கு முதன்முதல் அளித்துப் பயன் கண்டனர். அம்மருந்து விலையுயர்ந்தது, எனினும், வைத்தியர் மேற்பார்வையில் வாரமொருமுறை உட்கொள்ளும் மெதொற்றெக்சேற் என்னும் மலிவான மருந்தே இன்றும் முதற்றுணையாகும். எம்மருந்தும் அழற்சியை அடக்குமேயன்றி அரிபட்ட மூட்டை மீட்டுத் தராது.

ஆதலின் பழைய மாணவர்காள், இளைஞர்காள்! உங்கள் இல்லத்து முதியோர் எவர்க்கேனும் மூட்டுக்கள் வீங்கிக் காலை விறைப்பு வாரக்கணக்கில் நீடிப்பின், வாதமென்று வாளாவிருத்தல் தகாது. இழையம் அத்தீய பாடத்தை மனனஞ் செய்யுமுன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.