கணவாய்க்குக் கணவாய்: பூடானின் ஒற்றைச் சாலை

1958-இல் ஜவாஹர்லால் நேரு பூடானுக்குப் போனபோது அந்த நாட்டில் மோட்டார் சாலையே கிடையாது. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு, குதிரையேறி பாரோ போய்ச் சேர்ந்தார். 1961-இல் இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பின் ‘தந்தக்’ பிரிவு மலையை வெட்டத் தொடங்கியது. மறு வருடம் எல்லையிலிருந்து தலைநகர் திம்பு வரை வழி பிறந்தது. அங்கிருந்து கிழக்கே டிராஷிகாங் வரை போகும் குறுக்குச் சாலை முடிய மேலும் பல வருடங்கள் ஆயின. முதல் முறை பூடான் போகிறவர் இந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டாலே போதும். எங்கே போய் நிறுத்திக்கொள்வது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

சாலை பூடானின் எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கில் தொடங்குகிறது. ரயிலில் வருகிறவர்கள் மேற்கு வங்கத்தின் ஹாசிமாராவில் இறங்கி ஜெய்காவ் வந்தால், எதிரே டிராகன் செதுக்கிய எல்லை வாசல். இந்தப் பக்கம் ஹாரன் காதைப் பிளக்கும்; வாசலைத் தாண்டினால் வண்டிகள் ஜீப்ரா கோட்டில் தாமாகவே நிற்கும். கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். இந்தியருக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையைக் காட்டி நுழைவு அனுமதி வாங்கினால் போதும். ஆதார் செல்லாது. பூடானின் நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமம்.

இதோடு, தலைக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் என்று ‘நீடித்த வளர்ச்சிக் கட்டணம்’ ஒன்று கட்ட வேண்டும். தம்பதியாக ஏழு ராத்திரி தங்கினால் 16,800 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் பலர் ராத்திரிகளைக் குறைத்துவிட்டு, ஊர்களை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் காலில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓட்டம்தான். இந்தச் சாலை அதற்கு இடம் கொடுக்காது. மலைத் திருப்பங்களில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்.

புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்குச் சுமார் 170 கிலோமீட்டர்; ஐந்தாறு மணி நேரம். சமவெளி ஓரத்திலிருந்து கேடு என்ற ஊரை அடைவதற்குள் வண்டி 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. மழைக்காலத்தில் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு போகிற அளவுக்கு மூடுபனி. கீழே வாங் சூ நதியில் 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையம். பூடான் இந்தியாவுக்கு மின்சாரம் விற்றுச் சம்பாதிக்கத் தொடங்கியது இதை வைத்துத்தான்.

சுசோமில் இரண்டு நதிகள் கூடுகின்றன, சாலையும் பிரிகிறது. கூடுமிடத்தில் நேபாள, திபெத்திய, பூடானிய பாணிகளில் மூன்று ஸ்தூபிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் பாரோ, மறு பக்கம் திம்பு. பாரோவில் எல்லோரும் தேடிப் போவது பாறை முகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்த்சாங் மடாலயம். 1692-இல் கட்டியது, 1998-இல் தீக்கு இரையாகி மீண்டும் எழுந்தது. 3,120 மீட்டர் உயரம். குதிரை பாதி வழி வரைதான் வரும், மிச்சத்தைக் காலால்தான் கடக்க வேண்டும். வந்து இறங்கிய மறுநாளே ஏறக் கிளம்பாதீர்கள். போன வழியே திரும்புகிறவர்கள் இதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால், அதற்குள் மூச்சு மலைக் காற்றுக்குப் பழகியிருக்கும்.

திம்புவில் போக்குவரத்து விளக்குகள் இல்லை. நாற்சந்திக் கூண்டில் வெள்ளைக் கையுறை போட்ட காவலர் கையை வீசி வண்டிகளைத் திருப்பிவிடுகிறார். சாப்பாட்டில் எமா தாட்ஷியைச் சுவைத்துப் பாருங்கள். பச்சை மிளகாயையே காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியில் கொதிக்கவைத்த குழம்பு அது. சிவப்பரிசிச் சோற்றோடு வரும். ஆந்திரக் காரம் பழகிய நாக்கும் தண்ணீர் கேட்கும்.

திம்புவிலிருந்து கிழக்கே திரும்பியதும் முதல் கணவாய் டோச்சுலா, சுமார் 3,100 மீட்டர். 2003 டிசம்பரில் பூடான் படை தன் மண்ணில் முகாமிட்டிருந்த இந்தியத் தீவிரவாதக் குழுக்களை விரட்டியது. அந்தச் சண்டையின் நினைவாக இங்கே 108 ஸ்தூபிகள் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றை எப்போதும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வானம் திறந்திருந்தால் 7,570 மீட்டர் உயரமுள்ள காங்கர் புயென்சும் தெரியும். அதன் உச்சியில் இன்றுவரை மனிதக் கால் பட்டதில்லை. மலைச் சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம் என்பதால் சிகரம் ஏறுவதையே பூடான் தடை செய்துவிட்டது.

அங்கிருந்து கிடுகிடுவென இறங்கினால் 1,200 மீட்டரில் புனாகா. சட்டென்று வெயில், வாழை, நெல் வயல். ஆண் நதி, பெண் நதி என்று சொல்லப்படும் ஃபோ சூவும் மோ சூவும் கூடுமிடத்தில் புனாகா ஜோங் நிற்கிறது. ஷப்துருங் நவாங் நம்கியால் 1637-இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டை மடாலயத்தில்தான் 1907-இல் முதல் மன்னர் உக்யென் வாங்சுக் முடிசூடினார். குளிர்காலத்தில் தலைமை மதகுருவும் துறவிகளும் திம்புவை விட்டு இங்கே இறங்கி வந்துவிடுகிறார்கள். ஜோங்குக்குள் போக முழுக்கைச் சட்டை வேண்டும், தொப்பி கூடாது. புனாகாவில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். முதல் பயணத்தில் உடம்பு நிஜமாகவே இளைப்பாறும் இடம் இது.

அடுத்தது பெலே லா கணவாய். அதற்கு முன்னே கிளை பிரிந்தால் ஃபோப்ஜிகா பள்ளத்தாக்கு. அக்டோபர் கடைசியில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவை மோதிக்கொள்ளக் கூடாது என்று மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்திருக்கிறார்கள். கணவாய்க் கடைகளில் உலர்ந்த பாலாடைக்கட்டியைச் சதுரச் சதுரமாக வெட்டி, நூலில் கோத்து, மாலையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கடித்தால் பல் வலிக்கும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் தாங்கும், வளைவுகளில் குமட்டல் வராமலும் இருக்கும். ஓட்டுநர் வாயில் டோமா இருக்கும்: வெற்றிலை, சுண்ணாம்பு, ஊறவைத்த பச்சைப் பாக்கு. நம் பாக்கை நினைத்து வாங்கிப் போட்டால் குப்பென்று வியர்த்துவிடும்.

டிராங்சா ஜோங் எதிர் மலையில் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நெடுநேரம் கைக்கு வராது. சாலை பள்ளத்தாக்கை முழுக்கச் சுற்றித்தான் போய்ச் சேரும். அந்தக் காலக் கோவேறு கழுதைப் பாதை இந்த ஜோங்கின் உள்ளேயே புகுந்து சென்றது. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே யார் போனாலும் டிராங்சா ஆளுநருக்குத் தெரியாமல் போக முடியாது. அப்படி வழியைக் கையில் வைத்திருந்தவரே முதல் மன்னரானார்.

அதற்கப்பால் யோதோங் லா ஏறி இறங்கினால் பும்தாங். பழைய கோயில்கள், ஆப்பிள் தோட்டங்கள், பாப்பரை மாவு நூடுல்ஸ். முக்கால்வாசிப் பயணிகள் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

தொடர்கிறவர்களுக்கு முன்னால் துரும்ஷிங் லா, இந்தச் சாலையின் மிக உயரமான இடம், 3,700 மீட்டருக்கு மேல். அங்கிருந்து ஒரே பகலில் ஏறத்தாழ 3,000 மீட்டர் இறக்கம்: காலையில் பனி படிந்த ஃபிர் காடு, மாலையில் ஆரஞ்சுத் தோப்பு. செங்குத்துப் பாறையைக் குடைந்த பாதை. அதை வெட்டும்போது உயிர்விட்ட இந்திய, நேபாளத் தொழிலாளர்களுக்கு ஓரத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. மோங்கர் தாண்டி டிராஷிகாங். அங்கிருந்து தெற்கே சம்துருப் ஜோங்கரில் இறங்கி அசாமுக்குள் நுழைந்தால் குவாஹாத்தி அரை நாள் தூரம்தான்.

என் தீர்ப்பு இதுதான். ஒரு வாரம் இருந்தால் பாரோ, திம்பு, புனாகாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் என்றால் பும்தாங். முழுச் சாலைக்கும் இரண்டு வாரத்துக்குக் குறைந்து இறங்காதீர்கள். மார்ச் முதல் மே வரை அல்லது அக்டோபர், நவம்பர் நல்ல காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண்சரிவு வழியை மறிக்கும். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை, பூடான் சுற்றுலாத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். செலவு கையைக் கடித்தால் பட்டியலில் இருக்கும் ஊர்களை அடியுங்கள், ராத்திரிகளில் கை வைக்காதீர்கள்.