நாலா, அஞ்சா?

ராஜபாளையத்துலேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா எல்லாரும் பாக்குறது மேற்கால இருக்கிற மலையைத்தான். சாம்பல் அணில் சரணாலயம். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிடுச்சு. நான் சொல்லப்போறது மலையடிவாரத்துக் கண்மாய்க்குள்ள முளைக்கிற ஒரு களைச்செடியை.

மாசி வாக்குல தண்ணி வத்தினதும் இடுப்பு உயரத்துல மஞ்சளாப் பூத்து நிக்கும். தூரத்துலேர்ந்து பார்த்தா கடுகு மாதிரி. ஆனா கடுகுப் பூவுக்கு நாலு இதழ், இதுக்கு அஞ்சு. அடியில ஒட்டியிருக்கிறதால இதழ் இதழா உதிராது, பூ முழுசாக் கழண்டு விழும்.

போன் ஆப் போட்டோவைப் பார்த்துட்டு 'வெர்பாஸ்கம் தாப்சஸ்'னு சொல்லுச்சு. இங்கிலீஷ்ல முலின். (முல்லைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.) ஆனா தாப்சஸ் ஐரோப்பாவுலயும் இமயமலையிலயும் வளர்றது. இலை கம்பளித் துணி மாதிரி இருக்கும். நம்ம செடிக்கு அடி இலை முள்ளங்கி இலை மாதிரி வெட்டுப்பட்டிருக்கு. குடும்பம் சரி, ஆள் வேற.

மகரந்தத்தாளை எண்ணினேன். தாப்சஸுக்கு அஞ்சு இருக்கணும். பத்துப் பூ பிரிச்சுப் பார்த்தாச்சு, எல்லாத்துலயும் நாலுதான்.

இந்த நாலை வச்சே முன்னாடி தனிப் பேரினம் ஒண்ணு இருந்தது: செல்சியா. லின்னேயஸ் வச்ச பேர். தெர்மாமீட்டர் செல்சியஸ் இல்லைங்க, அவரோட சித்தப்பா ஓலோஃப் செல்சியஸ் நினைவா வச்சது! நம்ம செடி அப்போ 'செல்சியா கோரமண்டலியானா'. சோழமண்டலக் கரை பேர்லயே இருந்தது. பிறகு, ஒரு தாள் குறையுதுன்னு தனிப் பேரினம் வேண்டாம்னு முடிவாகி, வெர்பாஸ்கத்தோட சேர்த்துட்டாங்க. இப்போ 'வெர்பாஸ்கம் சைனென்ஸ்'. முதல்ல வச்ச அடைமொழிக்குத்தான் உரிமைங்கிறது விதி. லின்னேயஸ் 1771-லேயே சைனா பேரை வச்சுட்டார். சோழமண்டலம் போச்சு. எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம்தான்.

ஆப் சொன்னதுக்கு 'ஓகே' அமுக்கியிருந்தா, விருதுநகர் மாவட்டக் கண்மாய்ல இமயமலைச் செடி இருக்கிறதா ஒரு பதிவு ஏறியிருக்கும். அடுத்து போட்டோ போடுறவனுக்கும் அதே பதில்தான் வரும். அதனால நாலு தாளும் தெரியுற மாதிரி கிட்ட வச்சு எடுத்த போட்டோ போட்டு மாத்தினேன்.

ஆடு மேய்ச்சிட்டிருந்த ஒரு ஆச்சி, "என்னப்பா தேடுற?"ன்னாங்க. சுத்தி இருந்த தும்பை, நெருஞ்சி, குப்பைமேனி எல்லாத்துக்கும் டக்குடக்குனு பேர் சொன்னாங்க. இதைக் காட்டினா, "அது சும்மா களைப்பா."

லீவுக்கு ஊருக்குப் போறவங்க கண்மாய்ப் பக்கம் காலையிலேயே போய்ப் பாருங்க, வெயில் ஏறினா பூ கொட்டிடும். உங்க ஊர்ல இதுக்கு ஒரு பேர் இருந்தா, வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க.