மலையில்லா ஊரிலே மலைச் சைக்கிள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் முதலிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழப் பத்து மைல் சென்றால் அச்சுவேலி வரும். செம்மண் தோட்டங்களும், கிணற்றடி வாழைகளும், கிளுவைக் கதியால் வேலிகளும் நிறைந்த ஊர் அது. வலிகாமத்தின் பசுமை இவ்வூரோடு முடிவடைகிறதென்றே சொல்லலாம். அப்பால் வல்லை வெளி. அங்கே நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. உவர்நிலமும், கருணாகரத் தொண்டைமானின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தொண்டைமானாற்று நீர்ப்பரப்பும், ஓயாத காற்றுமே உண்டு.

குடாநாட்டிலே மலை கிடையாது. கீரிமலை இருக்கிறதே என்பீர்களாயின், அதன் மலை பெயரோடு சரி. அங்கே கேணியையும் கடலையுமே காணலாம். இத்தகைய நாட்டிலே ‘மலைச் சைக்கிள்’ ஒன்று வந்து, என் தமக்கையார் வீட்டிலே ஒரு கலகத்தை மூட்டிவிட்டது. சென்ற ஆடி மாதம் நான் அச்சுவேலிக்குச் சென்றபோது கண்டது இது.

துவிச்சக்கர வண்டி எங்கள் மக்களுக்குப் புதியதன்று. ராலி, ஹம்பர் என்னும் ஆங்கில வண்டிகள் ஒரு தலைமுறையின் சொத்தாக விளங்கின. வாழைக்குலையும், வெங்காயப் பிடியும், பள்ளிப் பிள்ளையும் அவற்றிலேயே ஏறின. 1990 ஆம் ஆண்டிலே எரிபொருள் தடை வந்தபின், நோயாளியும் சைக்கிளிலேயே வைத்தியசாலைக்குப் போனார். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்த இரவிலே, எத்தனையோ குடும்பங்களின் முழு வாழ்வும் ஒரு சைக்கிளின் ஹாண்டிலிலும் கரியரிலுந்தான் தொங்கிற்று. பின்னோக்கி வளைந்த அந்தப் பழைய ஹாண்டில், நிமிர்ந்திருந்து மிதிக்கவும், இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கவும் இசைந்ததாக அமைந்திருந்தது.

என் மருமகன் உயர்தர வகுப்பு மாணவன். வல்லை வெளியைக் கடந்து நெல்லியடிக்குத் தனிவகுப்புக்குச் சென்று வருபவன். அவனிடம் இருந்தது இரண்டாங் கையாக வாங்கிய ஒரு மலைச் சைக்கிள். படங்களிலே பார்த்ததைப்போல அதற்கு 780 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு நேர் ஹாண்டிலைத் தானே வாங்கிப் பூட்டியிருந்தான். ஒருநாள் மாலை ஒழுங்கையிலே எதிரே வந்த முச்சக்கர வண்டிக்கு ஒதுங்கியபோது, ஹாண்டிலின் நுனி கதியாலிலே கொளுவிக்கொண்டது. பையன் வேலியோடு சாய்ந்தான்; வலது மணிக்கட்டிலே சுளுக்கு.

“எழுதுகிற கை, தம்பி! இந்தச் சனியனை விற்றுவிடு என்கிறேன், கேட்கிறானில்லை,” என்றார் தமக்கையார்.

“சைக்கிளை விற்றால் வகுப்புக்கு எப்படிப் போவது, மாமா? வகுப்பு முடிகிற நேரத்துக்கு பஸ் கிடையாது,” என்றான் அவன்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கதியாலிலே கொளுவியது மாத்திரமன்றி, வேறொரு குறையையும் அவன் மெல்ல ஒப்புக்கொண்டான். வல்லை வெளியைக் கடந்து வருகையில் கை விரல்கள் மரத்துப் போகின்றனவாம். காற்று அடிக்கையில் வண்டி சொற்கேட்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதற்கு ஒரு வழி காணாவிடின் விற்றுவிடுவதென்று தவணை வைத்துக்கொண்டு, இருவரும் சந்தைக்கு அண்மையிலுள்ள ஒரு சைக்கிள் திருத்தும் கடைக்குச் சென்றோம்.

கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “புதுக்காலத்து ஹாண்டில், பழங்காலத்துக் கழுத்து. இரண்டுக்கும் கலியாணம் பொருந்தவில்லை,” என்று சிரித்தார்.

அவர் கழுத்து என்றது, ஹாண்டிலை முன்சக்கரக் கவையின் தண்டோடு பிணைக்கும் துண்டை. கடைகளிலே ‘ஸ்டெம்’ என்று கேட்டு வாங்குவார்கள். அவர் சொன்னதன் உட்பொருளை அறிய, இவ்வண்டி பிறந்த இடத்தைச் சிறிது நினைக்கவேண்டும். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, தமல்பைஸ் மலைப் பக்கத்து இளைஞர் சிலர் 1970 ஆம் ஆண்டுகளிலே பழைய தடித்த சைக்கிள்களைத் திருத்தி மண்பாதைகளிலே மலையிறங்கி விளையாடினர். 1976 இலே ‘ரீபாக்’ என்னும் பாதையில் போட்டியும் வைத்தனர். கல்லிலும் குழியிலும் முன்சக்கரம் திமிறாதிருக்க மோட்டார் சைக்கிளினுடையதைப் போன்ற அகன்ற ஹாண்டில்களைப் பூட்டிக்கொண்டனர். அகலம் கூடினால் நெம்பும் வலு கூடும் என்பது நம் கிணற்றுத் துலா அறிந்த உண்மையே. பின்னர், 1990 ஆம் ஆண்டுகளிலே, ஹாண்டில் குறுகிற்று, கழுத்து நீண்டது. இக்காலத்திலோ சட்டத்தையே நீளமாக்கி, கழுத்தைக் குறுக்கி, ஹாண்டிலை மீண்டும் அகலமாக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்துச் சட்டத்திலே இன்னொரு காலத்து ஹாண்டிலைப் பூட்டியதே எங்கள் பையனின் பிழை.

“கை அகன்றால் மார்பு முன்னே சரியும், ஐயா. கழுத்தும் நீண்டிருந்தால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையிலே இறங்கும். விரல் மரக்காமல் என்ன செய்யும்?” என்றார் கடைக்காரர். பின்பு பையனை ஆசனத்தில் ஏற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கச் செய்து, தோளகலத்தைப் பார்த்தார். முழங்கை சிறிது மடிகிறதா, மணிக்கட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்தார்.

100 மில்லிமீற்றர்க் கழுத்தைக் கழற்றிவிட்டு, 70 மில்லிமீற்றர்க் கழுத்தொன்றைத் தம் தகரப் பெட்டியிலிருந்து தேடியெடுத்தார். “இன்னுங் குறுகியது வேண்டாமா?” என்று பையன் கேட்டான். “மிகவும் குறுக்கினால் முன்சக்கரம் இலேசாகிப் படபடக்கும், தம்பி. எதற்கும் ஓர் அளவு உண்டு,” என்றார். ஹாண்டிலின் நடுப்பகுதி 31.8 மில்லிமீற்றர்த் தடிப்பு; கழுத்தின் வாயும் அதே அளவாயிருக்கிறதா என்று பார்த்த பின்னரே பூட்டினார். பழைய வண்டிகள் பலவற்றில் அது 25.4. ஒன்றுக்குரியதை மற்றொன்றிலே தகரம் வைத்து இறுக்குவோர் உண்டு; அது பல்லுடைய வழி என்று எச்சரித்தார். கழுத்துக்கு மேலே இருந்த இரண்டு இடைவளையங்களைக் கீழே மாற்றியதும், ஹாண்டில் ஓரங்குலம் உயர்ந்தது.

அடுத்து, அகலம். அரிவாளை எடுத்து உடனே வெட்டுவாரென்று எண்ணினேன். அவரோ கைப்பிடி உறைகளையும் பிறேக் பிடிகளையும் இருபுறமும் சிறிது உள்ளே தள்ளிப் பூட்டி, “ஓடிப் பார்த்துவிட்டு வா. வெட்டியதை ஒட்ட முடியாது,” என்றார். மூன்று முறை ஓடிப் பார்த்த பின்னரே, ஒவ்வொரு பக்கத்திலும் 40 மில்லிமீற்றரை வாளால் அறுத்தார். மிகுந்தது 700.

இறுதியாக இறுக்கிய முறையையும் வீட்டிலே சைக்கிள் வைத்திருப்போர் அறிந்துகொள்வது நல்லது. உச்சி ஆணி வண்டியைத் தாங்குவதன்று. அது கவையின் பந்துகளை அளவாக நெருக்குவதற்கு மாத்திரமே. ஆகையால் முதலில் அதை மெல்ல இறுக்கி, முன் பிறேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, ஆட்டமில்லை என்று கண்டபின், கழுத்தின் பக்க ஆணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். பழைய ராலியிலோ கழுத்துத் தண்டு குழாய்க்குள்ளே இறங்கி நிற்கும். அதிலே பொறித்த எல்லைக் கோடு வெளியே தெரியும்வரை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து.

மறுநாள், சுளுக்குத் தணிந்த கையோடு பையன் முன்னே செல்ல, அத்தானின் பழைய ராலியிலே நான் பின்தொடர்ந்தேன். போகும்போது சோளகக் காற்று முதுகிலே தள்ளிற்று. வல்லைப் பாலம்வரை மிதித்த நினைவே இல்லை. நீரிலே கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. திரும்பியதும் அதே காற்று மார்பிலே முட்டிற்று. நிமிர்ந்த ஹாண்டிலோடு நான் பாயைப்போலக் காற்றை வாங்கித் திணறினேன். பையனோ முழங்கைகளை மடித்துத் தாழ்ந்து, கோடு பிடித்ததுபோல் நேரே சென்றான். பாரவண்டி ஒன்று பக்கத்தால் விரைந்து காற்றை அறைந்தபோதும் அவன் முன்சக்கரம் நெளியவில்லை. சந்தைக்கு வெங்காயம் ஏற்றிச் செல்வதாயின் என் ராலியே சிறந்தது; வல்லைக் காற்றுக்கு அவன் வண்டியே சிறந்தது. எந்த ஹாண்டில் நல்லது என்று கேட்பதைவிட, எந்த உடம்புக்கு, எந்தத் தெருவுக்கு, எந்தப் பாரத்துக்கு என்று கேட்பதே அறிவு என்பதை அன்று கண்டேன்.

ஒழுங்கைக்குத் திரும்பியபோது தமக்கையார் படலையிலே நின்றார். மகன் விழுந்த அதே இடத்தில், ஹாண்டிலுக்கும் கதியாலுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியோடு வண்டி கடந்து வந்ததைப் பார்த்தார். விற்பதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து, “சந்தையிலே கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வா,” என்று நீட்டினார்.

பையன் அதை ஹாண்டிலிலே மாட்டப்போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். ஹாண்டிலிலே பாரம் தொங்கினால் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கும் என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்ததுபோலும். வண்டியின் பின்புறத்தைத் திரும்பிப் பார்த்தான்; அங்கே ஒன்றும் இல்லை.

“மாமா,” என்றான் சிறிது வெட்கத்தோடு, “மலைச் சைக்கிளுக்குக் கரியர் பூட்டலாமா?”